ரசீது யார் பெயரில் இருக்கிறது?

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும், ஏற்பாடு செய்த தோழர் ஒருவர், "அது ஆடிட்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே" என்றார். சாதி ஒழிப்பு மேடையில் வரிக்கு என்ன வேலை என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

நீங்கள் தினமும் கேட்கிற ஒரு வாசகத்திலிருந்து தொடங்குகிறேன். "எங்கள் வரிப்பணத்தில்தானே படிக்கிறீர்கள்?" கல்வி உதவித்தொகை பற்றிப் பேசினால் இந்த வாசகம் வரும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்றால் வரும். ரேஷன் அரிசி என்றால் வரும். இதில் 'எங்கள்' என்பது யார்? வருமான வரி கட்டுகிறவர்கள். இந்த நாட்டில் நூறு பேரில் பத்துப் பேர்கூட வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதில்லை. தாக்கல் செய்கிறவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டிய நிலையில் இல்லை. ஆக, ஒரு சிறு கூட்டம்தான் 'வரி செலுத்துவோர்' என்ற பட்டத்தை வைத்திருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் 'பயனாளிகள்'. அரசுக் கோப்புகளிலேயே நமக்கு அந்தப் பெயர்தான்.

இந்தப் பிரிவினை பொய் என்று இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். உங்கள் கைப்பேசிக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள். அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் 45 ரூபாய்க்கு மேல் வரி. பெட்ரோல் போட்டால் மத்திய அரசுக்கு ஒரு வரி, மாநில அரசுக்கு ஒரு வரி. 2022 ஜூலை முதல் சிப்பம் போட்டு, லேபிள் ஒட்டி விற்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட அரிசிப் பைக்கும் 5 சதவீதம் வரி. இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் வாங்குகிற வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் மேலே இப்படிப்பட்ட மறைமுக வரிகள்தான். கடைக்காரர் நம்மிடம் வாங்கி அரசிடம் கட்டுகிறார். கட்டியவர் என்று அவர் பெயர் பதிவாகிறது. நம் பெயர் எங்கேயும் இல்லை.

மாதம் இரண்டு லட்சம் சம்பாதிக்கிறவர் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டு மீதியைச் சேமிக்கிறார். சேமித்த பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்குகிறவர் அத்தனையையும் செலவழித்தாக வேண்டும். ஒரே சோப்புக்கு இருவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். ஆனால் வருமானத்தில் அந்த வரி என்ன பங்கு என்று பார்த்தால், கூலிக்காரரிடம்தான் அரசு அதிகம் எடுக்கிறது.

சரி, இதற்கும் அரசு மக்களுக்குப் பதில் சொல்வதற்கும் என்ன தொடர்பு?

வளரும் நாடுகளைப் பற்றி எழுதுகிற அரசியல் அறிஞர்கள் ஒரு கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஓர் அரசு தன் மக்களிடமிருந்து வரி வாங்கித்தான் நடக்க வேண்டும் என்றால், அது அந்த மக்களுக்குக் கொஞ்சமாவது பணிந்து போகும். எண்ணெய்க் கிணற்றிலிருந்தோ வெளிநாட்டு உதவியிலிருந்தோ பணம் கொட்டினால், மக்கள் என்ன நினைத்தால் என்ன என்று இருந்துவிடும். பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்பான், கணக்குக் கேட்டுக் கேட்டுத்தான் பாராளுமன்றங்கள் வளர்ந்தன என்பது இந்தக் கருத்தின் சாரம்.

இதற்கு அண்மைக் காலத்தில் கண்ணெதிரே நடந்த உதாரணம் கென்யா. 2024-இல் அந்த நாட்டு அரசு ஒரு நிதி மசோதா கொண்டுவந்தது. ரொட்டிக்கும்கூட 16 சதவீத வரி என்று முதல் வரைவில் இருந்தது. தெருவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். அவர்கள் செய்த முக்கியமான வேலை, அந்த மசோதாவை எடுத்து உள்ளூர் மொழிகளில் விளக்கி வீடியோக்களாகப் பரப்பியது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஏறும் என்று காய்கறி விற்கும் பெண்ணுக்கும் புரியும்படி சொன்னார்கள். ஜூன் 25 அன்று மசோதா நிறைவேறியதும் பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். மறுநாளே அதிபர் வில்லியம் ரூட்டோ, கையெழுத்திட மாட்டேன் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

மறைமுக வரி என்பதால் மக்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று எந்த விதியும் இல்லை என்பதைக் கென்யா காட்டியது. ஆனால் முதலில் அந்த வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் கட்டியது என்று சொல்ல முடிய வேண்டும். நம் நாட்டில் அந்த இடத்தில்தான் சாதி குறுக்கே நிற்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு முறை என்று ஒன்று இருந்தது. நிலத்தின் மீது உரிமை மிராசுதாருக்கு. அரசுக்கு நிலவரியை, அதாவது கிஸ்தியை, அவர் கட்டுவார். பட்டா அவர் பெயரில். சேற்றில் இறங்கி உழுதவர்கள், நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள் சேரியில் இருந்தவர்கள். கிஸ்தியாகப் போன ஒவ்வொரு காசும் அவர்கள் உழைப்பிலிருந்துதான் வந்தது. ஆனால் ரசீது மிராசுதார் பெயரில் இருந்தது. தரிசு நிலத்தைக் கேட்டுச் சேரி மக்கள் விண்ணப்பித்தால், அதிலும் மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. 1891-இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கை இதையெல்லாம் எழுதிவைத்தது. அடுத்த ஆண்டு பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்ததற்கு அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். அன்று உழைத்தவர் ஒருவர், ரசீது வாங்கியவர் வேறொருவர். இன்றைய 'வரி செலுத்துவோர்' பேச்சின் பாட்டன் அந்தக் கிஸ்தி ரசீதுதான்.

பிறகு வாக்குரிமை வந்தது. 1919-இன் மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில் யாருக்கு ஓட்டு? நிலவரி, வருமான வரி, நகராட்சி வரி என்று குறிப்பிட்ட அளவுக்கு வரி கட்டியவர்களுக்கு, சொத்து உள்ளவர்களுக்கு. நிலமே வைத்துக்கொள்ள முடியாதபடி ஆக்கப்பட்டவர்களிடம், நிலவரி ரசீதைக் காட்டினால்தான் ஓட்டு என்றார்கள். தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாக எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர்களாகத்தான் போக முடிந்தது. இந்தச் சீர்திருத்தத்துக்காக 1919 ஜனவரியில் சவுத்பரோ குழு முன்பு சாட்சியம் அளித்த இளம் அம்பேத்கர், தீண்டப்படாதோருக்கு ஓட்டுத் தகுதியைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். பின்னாளில் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று கேட்டார். 1935 சட்டத்தில்கூட சொத்து, வரி, படிப்பு என்ற தகுதிகள் தொடர்ந்தன. அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவுதான் அந்தக் கதவை உடைத்தது. வரி ரசீது இல்லாதவரும் குடிமகன், குடிமகள் என்று அது எழுதியது.

ஆகவே ஒருவர் உங்களிடம் "வரி கட்டுகிறவனுக்குத்தான் கேள்வி கேட்க உரிமை" என்று சொன்னால், அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1919-க்குத் திரும்பிப் போகலாம் என்கிறார். அவ்வளவுதான்.

அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் அடிப்படையில் பொது நிதியைப் படித்தவர். கொலம்பியாவில் 1915-இல் அவர் எழுதிய ஆய்வே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1925-இல் லண்டனில் வெளியான அவரது நூல், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. யாரிடமிருந்து வாங்குகிறார்கள், எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று வரி வரியாகப் பார்க்கிறார். நிலவரியும் உப்பு வரியும் ஏழையை நசுக்கின. கல்விக்கும் பொதுப் பணிக்கும் மிஞ்சியது கொஞ்சம். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத நிர்வாகம், மக்களின் வலியையும் தேவையையும் அறியாது என்று அந்த நூலில் வாதிடுகிறார். நிதியையும் பொறுப்பேற்பையும் அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை.

அந்தப் படிப்பைக் களத்தில் வைத்த இடம் மகாத். 1923-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படுகிற குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்பது தீர்மானம். 'பொதுப் பணத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1924-இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. ஆனால் சாதி இந்துக்கள் விடவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அதே 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடங்கள் ஆதிதிராவிடருக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

மகாத்தை மனிதமாண்புக்கான போராட்டமாக நாம் நினைவுகூர்கிறோம். அது சரி. அதே நேரத்தில் அது பொதுப் பணத்தின் மீதான உரிமைப் போராட்டமும்தான். இந்தக் குளத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதனால் இது எங்கள் குளமும்தான் என்று சொன்ன போராட்டம். சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு வரியோடு என்ன வேலை என்று கேட்ட தோழருக்கு இதுதான் என் முதல் பதில். நாம் தொடங்கியதே அங்கேதான்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன்.

அரசு யார் சொல்லைக் கேட்கிறது என்று பாருங்கள். வருமான வரி அதிகம் என்று நடுத்தர வர்க்கம் மாதக்கணக்கில் சமூக ஊடகத்தில் புலம்பியது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்குப் புதிய முறையில் வரி இல்லை என்று அறிவித்தார்கள். இதனால் ஒரு லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்றார்கள். சொத்து வரி எனப்படும் செல்வ வரியை 2015 பட்ஜெட்டிலேயே எடுத்துவிட்டார்கள். அதாவது, வரி கட்டுகிறோம் என்று காட்ட முடிகிறவர்களுக்கு அரசு பதில் சொல்லத்தான் செய்கிறது. வரிக்கும் பொறுப்பேற்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற கருத்து இந்தியாவில் நன்றாகவே வேலை செய்கிறது, மேலே இருப்பவர்களுக்கு.

கீழே இருப்பவர்களுக்கு? சோப்புக்கும் பற்பசைக்கும் ஜிஎஸ்டி தொடங்கிய காலம் தொட்டு 18 சதவீதம் வாங்கினார்கள். 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லது. ஆனால் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? தீபாவளிப் பரிசு. நம்மிடமிருந்து கூடுதலாக வாங்கியதை நிறுத்திக்கொண்டால் அது பரிசாம். கம்பெனிக்குக் குறைத்தால் ஊக்கம், ஏழைக்குக் கொடுத்தால் இலவசம். இந்தச் சொற்களை நாமும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டோம் என்பதுதான் எனக்குக் கவலை.

தமிழ்நாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு ஈடான தொகை. மதுக்கடை வேண்டும் என்று நான் வாதாடவில்லை. குடியால் சீரழிகிற குடும்பங்களில் பெண்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. பாரம் தூக்குகிறவர், சாக்கடை அள்ளுகிறவர், செங்கல் சூளையில் வேகிறவர் என்று நாள்கூலிக்காரர்களின் சட்டைப் பையிலிருந்து எடுத்த பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. அவர்களை யாராவது 'வரி செலுத்துவோர்' என்று அழைத்து நீங்கள் கேட்டதுண்டா? குடிகாரன் என்பார்கள். அவர் வீட்டுப் பிள்ளை அரசு விடுதியில் பூச்சி விழுந்த சோற்றைச் சாப்பிட்டால், ஓசிச் சோறுதானே என்பார்கள். அந்தச் சோற்றுக்கான பணத்தை அப்பன் ஏற்கெனவே கட்டிவிட்டான்.

நம் பங்கு திரும்ப வருவதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1970-களின் இறுதியில் பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகையில் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதத்தைத் திட்ட நிதியில் ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய். நடப்பது என்ன? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு இந்த நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாயைத் திருப்பிவிட்டது. அது நாடாளுமன்றம் வரை போய் அம்பலமானது. ஆனால் பெரும்பாலும் திருட்டு இப்படி வெளிப்படையாக நடப்பதில்லை. பொதுவான ஒரு திட்டத்தின் செலவில் 20 சதவீதத்தைப் பிரித்து, இதில் பட்டியல் சாதியினரும் பயன்பெறுகிறார்கள் என்று தாளில் எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். நெடுஞ்சாலையில் சேரிக்காரரும்தானே நடக்கிறார் என்கிற தர்க்கம். அதே சேரிக்குள் போகும் சந்து மட்டும் மண்சாலையாகவே இருக்கும்.

இதைத் தடுக்கச் சட்டம் கேட்டுப் பல ஆண்டுகள் தலித் இயக்கங்கள் போராடின. ஆந்திரமும் கர்நாடகமும் 2013-இல் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024-இல் இயற்றியது. அதை நாம் கொண்டாடலாம். ஆனால் படித்துவிட்டுக் கொண்டாடுவோம். சட்டம் வந்த பிறகும் கர்நாடகத்தில் இந்த நிதியைப் பொது நலத்திட்டங்களுக்குத் திருப்புகிறார்கள் என்ற சண்டை ஓயவில்லை. ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த ஊரில், எந்தத் தெருவில் என்று கேட்க ஆளில்லாத இடத்தில் சட்டம் அலமாரியில் தூங்கும்.

கேட்பதற்கு மிக அருகில் இருக்கும் இடம் ஊராட்சி. அங்கே நம் பெயரிலேயே ரசீது இருக்கிறது. வீட்டு வரி ரசீது, குடிநீர்க் கட்டண ரசீது. ஊர்த் தெருவுக்கும் சேரித் தெருவுக்கும் ஒரே நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் கிழித்துக் கொடுக்கிறார்கள். செலவு மட்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஊராட்சிப் பணம் எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை ஆதிக்கச் சாதிகள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன. இல்லாவிட்டால் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டுகள் தேர்தலையே நடக்கவிடாமல் தடுத்திருப்பார்களா? மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே காரணத்துக்காக முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றிருப்பார்களா? இன்றும் தலித் தலைவர்கள் பலர் சொல்லும் புகார் என்ன? காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவர் ஆதிக்கச் சாதிக்காரர் என்றால் கையெழுத்தை நிறுத்திவைத்தே ஊராட்சியை முடக்கிவிடலாம். நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கிக்கொள்வது இதுதான்.

போதாததற்கு, 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். வரி வசூல் நிற்கவில்லை. பதில் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள்தான் இல்லை. இதை எதிர்த்துப் பெரிய குரல் எழவில்லை என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தோழர்களே, உங்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன்.

ஒன்று, கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். சொந்த ஊருக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவிலிருந்து பத்துப் பேராகப் போங்கள். அந்தக் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நம் தெருவுக்கு என்ன செலவானது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம்.

இரண்டு, உங்கள் மாவட்டத்துக்கான பட்டியல் சாதியினர் துணைத்திட்டக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நம்மில் காமர்ஸ் படித்தவர்கள், பொருளாதாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள். கென்யப் பிள்ளைகள் செய்ததைப் போல அந்தக் கணக்கை நம் அம்மாக்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.

மூன்று, சொற்களை மாற்றுங்கள். 'பயனாளி' என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். 'இலவசம்' என்று நாமே சொல்வதை நிறுத்துவோம். "உங்கள் வரிப்பணமா?" என்று கேட்கிறவர்களிடம் கோபப்பட வேண்டாம். பெட்டிக்கடையில் பிஸ்கெட் வாங்கும் பாட்டியும் வரி செலுத்துபவர்தான் என்று கணக்கோடு சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஒரு ரூபாய் வரிகூடக் கட்டாத குழந்தைக்கும் இந்த அரசிடம் கேள்வி கேட்க உரிமை உண்டு. அந்த உரிமை ரசீதிலிருந்து வரவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்பதிலிருந்து வந்தது.

குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ள நூறு ஆண்டுகளுக்கு முன்பு நம் முன்னோர் நடந்தார்கள். இன்று நாம் நடந்துபோக வேண்டிய இடம், கணக்குப் புத்தகம் இருக்கும் மேசை. போவோம்.